தாத்தாவுக்குப் பட்டா கிடையாது

நிஜ மனிதர்களின் கதையை மேடையேற்றுகிறவர்களுக்குக் கடிவாளம் போடவேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரத்தில் கோயில் கொடைக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ ஒருவரின் வாழ்க்கையை நாடகமாகப் போடுவதென்றால், முதலில் அவருடைய வாரிசுகளிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்கவேண்டுமாம். அதற்கு ஒரு தொகையும் கட்டவேண்டுமாம். கடிதம் இல்லாவிட்டால் காவல் நிலையம் நாடகத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடாதாம். மனு எழுதிப் பழகிய கை என்பது தெரிகிறது. வாதம் எழுதிப் பழகிய கையாகத் தெரியவில்லை.

கட்டுரையில் ‘சட்டப்படி’ என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது மட்டும் கடைசிவரை வரவில்லை. வர முடியாது, அப்படி ஒரு பிரிவே இல்லை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் ‘ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை’ கிடையாது. எழுதியதற்குப் பட்டா உண்டு, வாழ்ந்ததற்குக் கிடையாது. இந்த வித்தியாசம் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்துபோய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்த வழக்கும் ஒரு நாடகக்காரர் தொடுத்ததுதான். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் நீதிமன்றம் போனார். கருத்துக்கும் கதைப்பொருளுக்கும் வரலாற்று நிகழ்ச்சிக்கும் காப்புரிமை இல்லை, அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. கட்டுரையாளர் அதைக் கேள்விப்படவில்லை என்றால் பரவாயில்லை. கேள்விப்படாமல் ‘சட்டப்படி’ என்று எழுதுவதுதான் இடிக்கிறது.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். புதூரில் ஒரு குழு வ.உ.சி. நாடகம் போட நினைக்கிறது. ஒட்டப்பிடாரம் நம் மாவட்டத்து ஊர், நம் மண். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தம், அதே ஆண்டு ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டைத் தீவாந்தர தண்டனை, கோவைச் சிறையில் செக்கு. இவையெல்லாம் நடந்தவை. நடந்தவற்றை மேடையில் நடித்துக் காட்ட யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. அவரே செய்யுளில் எழுதிய சுயசரிதை இருக்கிறது. அவர் காலமானது 1936-இல். அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து 1946-இல்தான் அது நூலாக வந்தது. மறைவுக்குப் பின் அச்சான நூல் என்று அச்சேறிய ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்குப் போட்டால்கூட 2006-இல் முடிந்துவிட்டது. ம.பொ.சி. எழுதிய ‘கப்பலோட்டிய தமிழன்’ இருக்கிறது. 1961-இல் சிவாஜி நடித்து பி.ஆர். பந்துலு எடுத்த படத்துக்கு அடிப்படையே அந்தப் புத்தகம்தான். ம.பொ.சி.யின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆக, இந்த நாடகத்துக்குச் சம்மதக் கடிதம் வாங்கக் கட்டுரையாளர் எங்கள் பிள்ளைகளை எந்த வீட்டு வாசலுக்கு அனுப்பப்போகிறார்?

அனுமதி வாங்கவேண்டிய இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அந்த இடத்தைத்தான் கட்டுரையாளர் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார். இன்று ஓர் ஆய்வாளர் ஆவணக் காப்பகத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுகிறார். அவர் தோண்டியெடுத்த தகவலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் காட்சிகளைக் கோத்த வரிசையை, அவர் வாக்கியங்களை, அவர் கற்பனையாக நிரப்பிய உரையாடலை அப்படியே தூக்கி மேடையில் வைத்தால் அது தழுவல். அதற்கு அந்த ஆசிரியரிடம், அவர் இல்லையென்றால் அவர் உரிமையைப் பெற்றவரிடம் அனுமதி வாங்கியே ஆகவேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை இதுதான் கணக்கு. இங்கே வாரிசுக்கு வேலை உண்டு. கதாநாயகனின் வாரிசுக்கு அல்ல, கதையை எழுதியவரின் வாரிசுக்கு. கட்டுரை முழுக்க இந்த இரண்டு வாரிசும் ஒரே ஆளாக நடமாடுகிறார்கள்.

அப்படி அனுமதி வாங்கும்போது எதை எழுதி வாங்குவது என்பதிலும் நம் குழுக்களுக்கு அக்கறை போதாது. சட்டத்தின் 19-ஆம் பிரிவு எளிமையானது. எந்த நூல், என்ன உரிமை, எத்தனை காலம், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு தொகை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தே ஆண்டு. இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை எழுதி வாங்கிவிட்டு ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். ‘நாடகம் போட எனக்குச் சம்மதம்’ என்று ஒரு வரி எழுதி ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கிவைத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். நாடகம் நாலு ஊரில் ஓடிய பிறகு படமாக எடுக்கிறேன் என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் அந்தத் தாளில் என்னவெல்லாம் இல்லை என்று தெரியவரும். கட்டுரையாளர் கேட்கும் வாரிசுக் கடிதத்தில் முதல் வரியையே எழுத முடியாது. எந்த நூலுக்கு உரிமை தருகிறோம் என்ற இடத்தில் ‘எங்கள் தாத்தா’ என்றா போடுவார்கள்?

இனி கட்டபொம்மனுக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையாளரின் கோபமெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் பங்குனிப் பொங்கலில், சித்திரைக் கொடையில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போட்டால் விடியற்காலை இரண்டு மணிவாக்கில் ஓர் அசைவு ஏற்படும். சாக்கு விரித்துத் தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பி உட்காரவைப்பார்கள். ஜாக்சன் துரை வரப்போகிறான். ஆர்மோனியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். துரை வரி கேட்பான், ராஜபார்ட் மீசையைத் தடவியபடி முன்னால் வந்து பதில் சொல்வார். ஒரு வரி மறந்தால் முன்வரிசையிலிருந்து யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வசனம் மனப்பாடமாகத் தெரியாத பருத்திக்காட்டுக்காரனை இந்தத் தாலுகாவில் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

அந்த வசனத்தைக் கட்டபொம்மன் பேசவில்லை. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அவர் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது நிஜம். அது கைகலப்பில் முடிந்ததும் நிஜம். வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. 1957-இல் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகத்துக்கு அவர் எழுதினார், 1959-இல் அது படமானது. இந்த வட்டாரத்தில் காப்புரிமை என்று ஒன்று நிஜமாகவே எழக்கூடிய இடம் இதுதான். வரலாறு என்று நினைத்து நாம் எல்லோரும் நெஞ்சு விம்மப் பேசுவது ஓர் எழுத்தாளரின் உழைப்பு. கொடை நோட்டீஸைப் பாருங்கள். ராஜபார்ட் பெயர், ஸ்திரீபார்ட் பெயர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், சீன் செட்டிங், ஒலி ஒளி, நன்கொடை கொடுத்தவர் என்று எல்லாம் இருக்கும், வசனம் எழுதியவர் பெயர் இருக்காது. வாரிசுகளின் உரிமைக்காக இத்தனை பக்கம் கண்ணீர் வடித்த கட்டுரையாளருக்கும் சக்தி கிருஷ்ணசாமி என்ற பெயர் ஓரிடத்தில்கூட ஞாபகம் வரவில்லை. எழுதியவனை மறந்துவிட்டு, எழுதப்பட்டவனின் கொள்ளுப்பேரனுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்.

அந்த வசனம் வேண்டாம் என்கிற குழுவுக்கும் வழி இருக்கிறது. இந்தக் கரிசலில் பாடகர்கள் வாய்வழியாகப் பாடிவந்த கதைப்பாடலை நா. வானமாமலை தொகுத்து அச்சேற்றியிருக்கிறார். பாடல் ஊருடையது, அவர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. அந்தப் பாடலை வைத்துத் தன் கட்டபொம்மனை ஒரு குழு தானே கட்டிக்கொள்ளலாம்.

காப்புரிமைச் சட்டத்திலேயே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறார்கள். அமெச்சூர் குழு, டிக்கெட் வாங்காத பார்வையாளர்கள் முன்னாலோ ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ ஒரு நாடகத்தை நடித்தால் அது உரிமை மீறலாகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்துப் பெற்றோர் பார்ப்பதற்கும் தனியே விலக்கு உண்டு. இதற்கு எல்லையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கூலிக்கு ஆடும் ஸ்பெஷல் நாடக செட்டை அமெச்சூர் என்று வாதாடுவது கஷ்டம். உள்ளதை உள்ளபடி நடிக்கத்தான் விலக்கு, ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நாடகமாக மாற்றி எழுத இது போதுமென்று நம்பி இறங்கக்கூடாது. ஆனால் கட்டுரையாளர் குறிவைத்திருப்பது ஊர்ப் பிள்ளைகளின் கொடை நாடகத்தையும் பள்ளி நாடகத்தையும். எழுத்தாளரின் உரிமையையே சட்டம் தளர்த்திக் கொடுத்திருக்கும் இடத்தில் இவர் புதிதாக ஒரு பூட்டுக் கொண்டுவந்து மாட்டுகிறார்.

பாரதியை அவர் இழுத்திருக்கக்கூடாது. எட்டயபுரத்துக்காரர் என்ற உரிமையில் இழுத்திருக்கிறார் போலும். பாரதியின் குடும்பத்துக்கு நேர்ந்த கதி வேறு யாருக்கும் நேரக்கூடாது, ஆகையால் வாரிசு உரிமையைக் கெட்டிப்படுத்தவேண்டும் என்கிறார். நடந்ததோ நேர்மாறு. உரிமை கெட்டியாக இருந்ததால்தான் அந்தக் கதி. பாரதி மறைந்த பிறகு நூல்களின் உரிமை மனைவி செல்லம்மாளின் கையில் நிற்கவில்லை. வறுமை நிற்கவிடவில்லை. அது பாரதி பிரசுராலயத்துக்குப் போய், கடைசியில் பாரதியின் தம்பி விஸ்வநாதனிடம் சேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை வேறு பாதையில் போனது. ஒரு குஜராத்தி வணிகர் கைக்குப் போய், அங்கிருந்து ஏவி.எம். வாங்கியது. தி.க. சண்முகம் சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தபோது ஏவி.எம். வழக்குப் போட்டது. சண்முகம் யார்? தூத்துக்குடி காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாலபாடம் கற்ற நாடகக்காரர். நாடகத்தில் ஊறிய ஒருவர் பாரதியைப் பாடினால் ஸ்டுடியோ நோட்டீஸ் விடும் என்ற நிலை. அப்போது செல்லம்மாள் உயிரோடுதான் இருந்தார். வழக்கில் அவர் எந்தப் பக்கமும் இல்லை. இருக்கவேண்டிய அவசியமே இல்லாதபடி உரிமை அவரைவிட்டு எப்போதோ போயிருந்தது.

அதற்குப் பிறகு எழுந்த கிளர்ச்சி, கையெழுத்துகள், கண்டனக் கூட்டங்கள் எல்லாம் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலில் விவரமாக இருக்கின்றன. 1949-இல் ஓமந்தூரார் அரசு உரிமைகளை வாங்கியது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமல் தன் உரிமையை ஒப்படைத்தார். விஸ்வநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு 5,000. செல்லம்மாள் கையில் அரசுப் பணம் வந்தது, உரிமையைத் திறந்துவிட்டபோதுதான். அரசு வாங்காமல் விட்டிருந்தால் அன்றைய 50 ஆண்டுக் கணக்குப்படி 1971 முடியும்வரை பாரதி யாரோ சிலரின் சொத்தாக இருந்திருப்பார். இதைப் படித்துவிட்டு ‘வாரிசு உரிமையை இறுக்கு’ என்று ஒருவர் முடிவுக்கு வருகிறார் என்றால், அவர் முடிவை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பாரதியைப் பிறகு தேடியிருக்கிறார்.

ஆட்டோ சங்கர் வழக்கையும் மேற்கோள் காட்டியிருக்கிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். சொன்னது. அது தீர்ப்பின் பாதி. தூக்குத் தண்டனைக் கைதி ஒருவர் தன் கதையை எழுதி ‘நக்கீரன்’ வெளியிடப்போகிறது, அதில் அதிகாரிகளின் பெயர் அடிபடும், ஆகவே தடுக்கப் பார்த்தார்கள் என்பதுதான் வழக்கு. 1994-இல் வந்த தீர்ப்பு பத்திரிகையின் பக்கம். பொது ஆவணத்தில் உள்ள அளவுக்கு ஒருவருடைய வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமலேயே வெளியிடலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால்தான் சிக்கல் என்றது. அதுவும் உயிரோடு இருப்பவரைப் பற்றி. இறந்தவர்கள் விஷயத்தில் நம் உயர் நீதிமன்றமே பிற்பாடு பேசிவிட்டது. ‘தலைவி’ படத்துக்கும் ‘குயின்’ தொடருக்கும் எதிராக ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா போன வழக்கில், ஒருவர் வாழும்போது சம்பாதித்த பெயரும் அந்தரங்கமும் அவரோடு முடிந்துவிடும், அசையும் அசையாச் சொத்தைப் போல் வாரிசுக்கு வராது என்று 2021-இல் டிவிஷன் பெஞ்ச் சொன்னது. ஒரு முதலமைச்சரின் வாரிசுக்கே இல்லாத உரிமையைக் கட்டுரையாளர் தாலுகாவுக்குத் தாலுகா வழங்கிக்கொண்டிருக்கிறார்.

வெளிநாட்டில் எல்லாம் முறையாக உரிமை வாங்குகிறார்கள் என்று ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தைக் காட்டியிருப்பது இன்னொரு வேடிக்கை. ஆமாம், முறையாகத்தான். லின்-மானுவல் மிராண்டா போனது ரான் செர்னோ என்ற வாழ்க்கை வரலாற்று ஆசிரியரிடம். அவர் 2004-இல் எழுதிய புத்தகத்துக்காக. 1804-இல் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போன ஹாமில்டனின் பரம்பரையிடம் உரிமம் கேட்டு அல்ல. தன் கட்சிக்குச் சாட்சி என்று இவர் கூட்டிவந்த ஆள் எதிர்க்கட்சிக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்.

காவல் நிலையத்தை இதில் நுழைப்பதுதான் எனக்கு நிஜமாகவே ஆத்திரம் மூட்டிய இடம். இந்தப் பக்கத்தில் ஒரு நாடகம் போடுவதற்கு என்ன பாடு என்பது அவருக்குத் தெரியுமா? விழாக் கமிட்டி மனு எழுதவேண்டும். ‘சட்டம் ஒழுங்கு’ என்ற ஒற்றைக் காரணத்தில் அது கிடப்பில் போகும். நாள் நெருங்கும்போது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடவேண்டும். ஆடல் பாடலுக்கும் நாடகத்துக்கும் அனுமதி கேட்டு அங்கே சீசன்தோறும் மனு குவிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற விதி ஒருபக்கம், விடிய விடிய நடக்கிற நாடகம் இன்னொருபக்கம். இத்தனைக்கும் நடுவில் வாரிசுச் சம்மதக் கடிதமும் வேண்டும் என்று ஓர் ஏட்டய்யா கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. நாடகத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து நிறுத்தும் அதிகாரத்தை இந்த மாநிலம் ஏற்கெனவே வைத்திருந்தது. எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அது. பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு விரோதம் என்று அடித்துப்போட்டது. நீதிமன்றம் வாசல் வழியாக வெளியேற்றியதைக் கட்டுரையாளர் கொல்லைப்பக்கமாகக் கூட்டிவருகிறார்.

குடும்பத்தாரின் மனம் புண்படுமே என்கிறார். புண்படும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் படுக்கையறையை மேடையில் கொண்டுவந்து வைப்பவனுக்காக நான் வாதாட மாட்டேன். செத்தவரைப் பற்றிய பொய்க்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது. இறந்தவர் மீது அவதூறு சுமத்தினால், அவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் அது இருந்தால், குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 499, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 356. கட்டுரையாளருக்குக் கைகொடுக்கக்கூடிய ஒரே பிரிவு இது. அதையும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு நாடகம் நடந்த பின் கேள்வி கேட்க வழி செய்கிறது. நோக்கத்தை நிரூபிக்கச் சொல்கிறது. பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மையை விட்டுவிடுகிறது. முன்கூட்டியே கடிதம் வாங்கு என்று சொல்லவில்லை. கடிதம் கொடுக்கும் பேரன் எந்தக் காட்சிக்குச் சம்மதிப்பான், எதை வெட்டச் சொல்வான் என்பது நாடகம் எழுதிய யாருக்கும் தெரியும். தாத்தா கடன் வாங்கியது போய்விடும். தாத்தா சாதி பார்த்தது போய்விடும். கழுத்தில் மாலையோடு ஒரு போட்டோ மட்டும் மேடையில் இரண்டு மணி நேரம் நிற்கும்.

கடைசியாக, அவருடைய உண்மையான புகார். கட்டுரையின் முக்கால்வாசி சட்ட ஜோடனைக்கு அடியில் இருப்பது இதுதான்: நாடகமும் படமும் சேர்ந்து எட்டப்பன் என்ற பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டன. எட்டயபுரத்துக்காரன் வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவன் சிரிக்கிறான். இது நிஜமான வலி. எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயர் அல்ல, தலைமுறை தலைமுறையாக வந்த பட்டம் என்பதும், அன்றைய பாளையக்காரர்களின் பகையும் எல்லைத் தகராறும் ஒரே நாள் ராத்திரித் துரோகமாகச் சுருங்கிவிட்டதும் வரலாறு படிக்கிறவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடியவை. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் புத்தகமே எழுதினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவேண்டியதும் இல்லை. கட்டுரையாளரும் அதைச் செய்யட்டும். பாளையப்பட்டுகளின் கதையை எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு நாடகமாக எழுதட்டும். விளாத்திகுளத்திலோ புதூரிலோ மேடை போடட்டும், நோட்டீஸில் எழுதியவர் என்று தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கிவரச் சொல்லி அவரை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.